குருசடி வளைவில் ஆடிய தலைகள்

ஜீப் குழியில் விழுந்து எழுந்த நாளிலிருந்து கோமதி உட்காரவே இல்லை. சமையல் வேலைக்குப் போகும் ஹோம்ஸ்டே அடுப்படியில் நின்றுகொண்டே புட்டு அவித்தாள், நின்றுகொண்டே கட்டன்சாயா குடித்தாள். ராத்திரி சீரியலைக்கூடச் சுவரில் தோளைச் சாய்த்து நின்றபடி பார்த்து, நின்றபடியே அழுதாள். கேட்டவர்களிடமெல்லாம், "நிக்கிறது உடம்புக்கு நல்லதாம், டிவியில சொன்னாக" என்றாள். யார் நம்புவார்கள்? சாந்தன்பாறைக்கு மேலே அந்த ஏலக்காட்டு லயத்து வரிசைவீடுகளில் ஒருத்தருக்கு வாலெலும்பில் அடிபட்டால், பொழுது சாய்வதற்குள் அந்தச் செய்தி பூப்பாறைக்கு இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடும்.

ஆனால் லயத்துக்குத் தெரியாத ஒரு சங்கதி கோமதியிடம் இருந்தது. வாலெலும்பைவிட அதுதான் அவளை அதிகம் குத்தியது.

கோமதி ஐம்பதைத் தொட்டவள். புருஷன் போய் வருஷங்கள் ஆகின்றன, ஒரே மகள் இந்துவைப் போடியில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு ஹோம்ஸ்டே விருந்தாளிகளுக்காக வெல்லம் வாங்க மறையூருக்குப் போனாள். அதே பஸ்ஸில் சங்கையாவும் இருந்தார். ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் ட்ரையரைப் பார்த்துப் பார்த்தே ரிட்டயர் ஆன மனுஷன், பெண்சாதி இல்லாதவர். "முதுகுக்குப் புல்தைலம் வாங்கப் போறேன்" என்றார். அன்றைக்கு அவர் முதுகில் ஒரு வலியும் கிடையாது. அது கோமதிக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சங்கையாண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் போன ஓணத்திலிருந்து அந்த 'அண்ணே'யை எங்கோ இறக்கி வைத்துவிட்டு "இந்தா பாருங்க" என்று மட்டும் பேசிவருகிறாள் என்பதை இங்கே சொல்லிவைப்பது நல்லது. பின்னால் உதவும்.

திரும்பி வந்து பூப்பாறையில் ட்ரிப் ஜீப்புக்குக் காத்திருக்கும்போது அவர் மெல்லச் சொன்னார். "இந்த வயசுல சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. சேர்ந்து இருந்துக்குவமா? இப்ப வாயால சொல்ல வேணாம், இங்க காது ஜாஸ்தி. குருசடி வளைவுல நான் ஒருதரம் திரும்பிப் பாப்பேன். சரின்னா தலைய ஆட்டுங்க. வேணாம்னா வெளிய பாத்துக்கங்க. அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

ஜீப் வந்தது. டிரைவர் ஷைஜு பக்கத்தில், முன்சீட்டில் சங்கையா. ஷைஜுவுக்குப் பின்னாலிருந்த பெஞ்சில் கோமதி. எதிர்ப் பெஞ்சில், அதாவது சங்கையாவுக்கு நேர் பின்னால், தையல்கார சித்ரா. மடியில் ஒரு குழந்தை கனத்துக்குப் பலாப்பழம். பின்படியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கங்காணி பூபதிராஜா. உள்ளே இடமிருந்தும் தொங்குவார். அவர் தொப்பைக்குக் காற்று வேண்டும்.

ரோட்டோரச் சிலுவைக் குருசடி வந்தது. வளைவு வந்தது. சங்கையா திரும்பினார். கோமதி பார்த்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து, மழை அறுத்துப் போட்டிருந்த பள்ளத்தில் ஜீப்பின் முன்சக்கரம் இறங்கியது.

எல்லாத் தலையும் ஆடியது. கோமதியின் தலை, சித்ராவின் தலை, பூபதிராஜாவின் தலை. பலாப்பழம்கூட எழும்பி ஒருதரம் சம்மதம் சொல்லிவிட்டு உட்கார்ந்தது.

இப்போது சொல்லுங்கள், அது சம்மதமா, பள்ளமா?

கோமதிக்கே தெரியவில்லை. அன்று இரவு கண்ணாடி முன்னால் நின்று தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். நாமாக ஆட்டினால் இப்படி வரும், ஜீப் ஆட்டினால் அப்படி வரும் என்று பிரித்துப் பார்க்க முயன்று தலைசுற்றல்தான் வந்தது. ஆட்ட நினைத்தோமா? நினைத்திருந்தால் அது பள்ளத்துக்கு முன்னாலா, பின்னாலா?

மறுநாள் எல்லோரையும் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு எலும்பும் முறியவில்லை. ஆனால் ஒரே பள்ளம் ஆளாளுக்கு ஒரு இடத்தைப் பார்த்து அடித்திருந்தது. சங்கையாவுக்குக் கழுத்து, வலப்பக்கம் திரும்பியது அப்படியே பூட்டிக்கொண்டது. கையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். பூபதிராஜாவுக்கு நடு முதுகு. மூச்சை இழுத்தால் வலி, தும்மினால் வலி, சிரித்தால் உயிர் போகும். சித்ராவுக்கு இடுப்பு; அங்கே பிடித்த வலி தொடை வழியாகக் குதிகால்வரை மின்னல் விட்டது. கோமதிக்கு அடிமுனை. ஓட்டின ஷைஜுவுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. அதற்காகவே ஊரில் பாதிப்பேர் அவனோடு பேசவில்லை.

இந்த இடத்தில் ராமுத்தாயைச் சொல்லாமல் விட்டால் அவளே வந்து கேட்பாள். கோமதிக்கு எதிர்வீடு, குழாயடிக்குச் சொந்தக்காரி மாதிரி நிற்பவள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போய், பிசியோதெரபிஸ்ட் ஆன்மேரி சொன்னதையெல்லாம் கேட்டு வந்து, முதுகெலும்பில் கரைகண்டவள் ஆகிவிட்டாள்.

"முதுகெலும்புங்கிறது நம்ம எஸ்டேட் மாதிரிதான்டி," என்று குழாயடியில் பாடம் நடத்தினாள். "மேல் டிவிஷன் கழுத்து. அங்க கோளாறுன்னா கைக்குப் போற கரண்டு விட்டு விட்டு வரும். நடு டிவிஷன் விலாவோட கட்டிப் போட்டது, சட்டுனு ஆடாது, ஆடிருச்சுன்னா மூச்சு விடவே பெர்மிஷன் கேக்கணும். கீழ் டிவிஷன் இடுப்பு. பாரம் பூரா அதுக்குத்தான், அங்க கட்டானா கால்வரைக்கும் இருட்டு. அதுக்கும் கீழ இருக்கு பாரு, வாலு. அது வேலைவெட்டி எதுவும் செய்யாது. ஆனா அதுக்குக் கோவம் வந்துச்சுன்னா ஆள உக்கார விடாது."

சொல்லிக்கொண்டே கோமதியின் கதவைப் பார்த்தாள். கோமதி கதவைச் சாத்தினாள்.

சாத்தி என்ன பயன்? சங்கையா தெருவிலேயே காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் பட்டை, முகம் நிரந்தரமாய் வலப்பக்கம். டீக்கடைக்கு இறங்கிப் போகும்போது கோமதி வீடு அவருக்கு இடப்பக்கம், பார்க்க முடியாது. ஏறி வரும்போதுதான் வலப்பக்கம் வரும். மனுஷன் போகும்போது ஓட்டமும் நடையுமாக இறங்குவார், வரும்போது ஆமை தோற்றுப்போகும். ஒரு நாளைக்கு அத்தனை டீ குடித்தால் வயிறு என்னத்துக்கு ஆகும்!

கோமதி ஜன்னலில் நின்று ஒவ்வொரு தடவையும் பார்த்தாள். தலையை ஆட்டிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தாள். ஒவ்வொரு தடவையும் நடுவில் ராமுத்தாயின் குடம் நின்றது.

"ஏன் மதினி, சங்கையாண்ணன் எதுக்கு இத்தன டீ குடிக்கிறாரு?"

"எனக்கென்ன தெரியும்? கழுத்துக்குச் சூடு நல்லதா இருக்கும்."

"இப்ப நீங்க அவர 'அண்ணே'ன்னு சொல்றதே இல்லையே மதினி?"

கோமதி அடுப்பில் எதுவோ தீய்கிறது என்று உள்ளே ஓடினாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. தன் வாயால் இந்துவிடம் முதலில் சொல்ல வேண்டிய ஒன்று, ராமுத்தாய் வாயால் போடிக்குப் போய்ச் சேர்ந்துவிடுமோ என்பதுதான் அவள் பயம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. தலையாட்டல் கணக்கில் சேராது என்று சங்கையாவே முடிவுகட்டி, சொன்ன சொல்படி இனி பேச்சை எடுக்காமலே இருந்துவிட்டால்?

புதன்கிழமை ஆன்மேரி எஸ்டேட் க்ளப் ஹாலுக்கே வந்தாள். பிளாஸ்டிக்கில் செய்த முதுகெலும்பு ஒன்றைக் கொண்டுவந்து ஆணியில் தொங்கவிட்டாள். லயமே திரண்டிருந்தது. அடிபட்டவர்கள் நாலு பேர், ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நாற்பது பேர்.

"ஜீப் விழுந்த ஆ நேரத்துல ஆளாளு எப்படி இருந்தீங்கன்னு சொன்னா எனக்கு உபகாரமாயிருக்கும். எந்தப் பக்கம் பிடிச்சிருக்குன்னு அறியணுமே," என்றாள் ஆன்மேரி தன் மலையாளத் தமிழில்.

அவ்வளவுதான். ராமுத்தாய்க்கு அது சாமி வரம் கொடுத்த மாதிரி. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். முன்னால் ரெண்டு, பின்னால் எதிரும் புதிருமாக ரெண்டு. ஷைஜு கையில் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்தாள். "இந்தா ஸ்டியரிங். பிடி." அவனும் பிடித்தான். பூபதிராஜாவைப் பின்னால் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். சித்ரா மடியில் ஒரு தலையணை.

"சிரிக்க வைக்காதீக தாயி," என்றார் பூபதிராஜா, கண்ணை மூடிக்கொண்டு. "தட்ட வச்சுக்கிட்டு கியர் போடுறான் பாருங்க, அய்யோ, அய்யோ."

சங்கையா முன்னால் உட்கார்ந்தார். ஆன்மேரி அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நேரே நோக்கி இருந்தா இப்படிப் பிடிக்காதே சேட்டா. நீங்க பின்னாடி திரும்பியிருந்தீங்க, இல்லியா?"

ஹாலில் நாற்பது கழுத்தும் அவர் பக்கம் நீண்டன.

"பலாப்பழத்தப் பாத்தேன்," என்றார் சங்கையா. "உருண்டு விழுந்துருமோன்னு."

"பலாப்பழம் உங்களுக்கு நேர் பின்னால இருந்துச்சுண்ணே," என்றாள் ராமுத்தாய் இனிக்க இனிக்க. அவர் முகம் பூட்டி நிற்கிற திசையில் கையை நீட்டி, ஒரு கோடு இழுப்பதுபோல் நடந்து போனாள். கோடு ஷைஜுவுக்குப் பின்னால் காலியாய்க் கிடந்த நாற்காலியில் போய் முட்டியது. "இந்த இடத்துல யாரு இருந்தா? சொல்லுங்க மதினி. வந்து உக்காருங்க, டாக்டரம்மா கேக்குறாகல்ல."

"சேச்சி இரிக்கண்டா, அவங்களுக்கு உக்காரக் கூடாது," என்றாள் ஆன்மேரி.

சங்கையா எழுந்தார். உடம்பு கூட்டத்தைப் பார்த்து நிற்க, முகம் காலி நாற்காலியைப் பார்த்தது. அவரால் வேறெப்படியும் நிற்க முடியவில்லை.

"பாத்தேன்," என்றார். "நாந்தான் பாத்தேன், நாந்தான் கேட்டேன். அவுக ஒண்ணும் சொல்லல. எல்லாத் தலையும் ஆடுன இடத்துல ஒரு தலைய மட்டும் பதிலுன்னு எடுத்துக்கிட்டா நியாயமில்ல. அதோட விடுங்க."

கூட்டத்தில் யாரோ "அட" என்றார்கள். சித்ராவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கி, வலிக்கிற காலை மறந்து தரையில் உதைத்து, "அம்மாடி!" என்று கத்தினாள், கத்தியது சந்தோஷத்திலா வலியிலா என்று அவளாலும் சொல்ல முடிந்திருக்காது. பூபதிராஜா கம்பியை விட்டு விலாவைப் பிடித்துக்கொண்டார்.

கோமதி சுவரோரம் நின்றிருந்தாள். மனுஷன் பேச்சை முடித்துவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் சும்மா நின்றால் உண்மையாகவே முடிந்துவிடும். தலையை ஆட்டலாம்தான், இந்த ஹாலில் ஏற்கெனவே நாற்பது தலை ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் இந்தத் தலையை யார் சட்டை செய்வார்கள்?

மேஜைமேல் ஆன்மேரி அவளுக்காகவே கொண்டுவந்திருந்த, காற்றடித்த ரப்பர் வளையம் கிடந்தது. அதை எடுத்தாள். காலி நாற்காலியிடம் போனாள். ராமுத்தாய் மூச்சைப் பிடித்தாள். கோமதி அங்கே உட்காரவில்லை. நாற்காலியை முதுகைப் பிடித்துத் தூக்கி, தரதரவென்று முன்னால் இழுத்துவந்து, ஷைஜுவுக்கும் சங்கையாவுக்கும் நடுவில் போட்டாள். வளையத்தை வைத்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

அந்த வலி இருக்கிறதே! வாலெலும்பிலிருந்து உச்சந்தலைவரை எல்லா டிவிஷனிலும் ஒரே நேரத்தில் சங்கு ஊதியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் எழவில்லை.

"இந்தா பாருங்க," என்றாள். "உக்காருங்க. இனிமே திரும்ப வேணாம்."

சங்கையா உட்கார்ந்தார். பூட்டின கழுத்துக்கு நேராக, ஒரு முழம் தள்ளி, அவள் முகம். இத்தனை டீ குடித்தும் கிடைக்காத தூரம்.

"அன்னைக்கு ஆடுனது..." என்று இழுத்தார்.

"பாதி பள்ளம், பாதி நான். அதெல்லாம் இப்ப என்னத்துக்கு? இது பூரா நான்தான்."

பூபதிராஜா அலறிய அலறலைக் கேட்டு வெளியே நாய்கள் குரைத்தன. சிரிப்பா வலியா என்று ஆன்மேரி ஓடிப்போய்ப் பார்த்தாள், இரண்டும்தான். ராமுத்தாய் இடுப்பில் செருகிய சேலையை அவிழ்த்து, அதற்குள்ளிருந்து போனை எடுத்தாள்.

"ராமுத்தாயி," என்றாள் கோமதி, திரும்பாமலே. "இந்துகிட்ட நான் முதல்ல பேசிக்கிறேன். எனக்கு அப்புறம் நீ ஊர் பூராவுக்கும் சொல்லு."

ராமுத்தாய் கொஞ்சம் யோசித்தாள். ஊர் பூராவும் என்றால் பெரிய வேலைதான், ஒருத்தியாகப் பார்க்க வேண்டும். "சரி மதினி," என்று பெருந்தன்மையாகப் போனைத் திரும்பச் செருகிக்கொண்டாள். ஆனால் கையை அதன் மேலேயே வைத்திருந்தாள்.

ஷைஜு தட்டை ரெண்டு கையாலும் பிடித்து, வாயால் ஒரு ஹார்ன் அடித்தான். "சேச்சி, போலாமா?"

"போலாம்," என்றாள் கோமதி. "குருசடி வரும்போது மட்டும் மெதுவாப் போப்பா."