கேட்காமல் எழுதிய ‘இல்லை’

அந்த ஆஸ்பத்திரிக் கணினியில் பதிவான முதல் நோயாளி ராஜாக்கண்ணு. பதிவான அன்று அவருக்கு ஒரு நோயும் கிடையாது. ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூர் பக்கத்தில், தன் கொல்லையில் சாமை அறுத்துக்கொண்டிருந்தார். பதிவு செய்த அவர் மகள் பிரியதர்ஷினி, வேலூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியின் மூன்றாவது மாடியில், ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தாள்.

மலையில் ஒரு தர்ம ஸ்தாபனம் ஆஸ்பத்திரி நடத்துகிறது. அதற்கு நோயாளிப் பதிவேடு எழுதித் தரும் வேலை கம்பெனிக்கு வந்தபோது, மலைப் பெண் என்று அவளிடம் கொடுத்தார்கள். “உங்க ஊர் ஜனம், உனக்குத் தெரியாததா?” என்றார் மேனேஜர். தெரியும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மென்பொருள் எழுதுகிறவர் ‘நோயாளி’ என்று ஒரு முழு உருப்படியை மனதில் வைத்து எழுதுவார். அடியில் இருக்கும் தரவுத்தளத்துக்கோ கட்டத்தையும் வரிசையையும் தவிர ஒன்றும் புரியாது. இரண்டுக்கும் நடுவில் நின்று பேச ஓ.ஆர்.எம். என்று ஒரு தரகர் உண்டு. புது நோயாளி ஒருவர் உள்ளே வரும்போது, யாரும் நிரப்பாமல் விட்ட கட்டங்களில் என்ன போடுவது என்பதை அந்தத் தரகரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அதற்கு டீஃபால்ட் என்று பேர். ஒரு தடவை சொன்னால் போதும். அப்புறம் ஆயிரம் பேர் வந்தாலும் அவர் அதையே போட்டுக்கொண்டிருப்பார். திரும்ப வந்து கேட்கவே மாட்டார்.

முதலில் பிரியதர்ஷினி எதையும் சொல்லி வைக்கவில்லை. கட்டம் காலியாக இருந்தால் பதிவு ஏறாது என்றுதான் எழுதியிருந்தாள். சோதனைக்குக் கொடுத்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி நர்ஸ் அன்னமேரி போனில் பிடித்துக்கொண்டார்.

“இன்னா பாப்பா இது? இருபத்திரண்டு கட்டம். ஒண்ணு வுட்டாலும் சேவ் ஆவ மாட்டேங்குது. மூணு நாளா ஒரு பேரு கூட ஏறல. வெளிய தொண்ணூறு பேரு நிக்கிறாங்க. நெட்டு வேற வந்து வந்து போவுது. நான் ஊசி போடுவனா, உன் கட்டத்துல எழுதிக்கினு இருப்பனா?”

நியாயமான கேள்வி. அன்று மத்தியானமே பிரியதர்ஷினி உட்கார்ந்து டீஃபால்ட்டுகளை எழுதினாள். மொழி: தமிழ். மாவட்டம்: திருவண்ணாமலை. சர்க்கரை: இல்லை. ரத்தக்கொதிப்பு: இல்லை. மருந்து அலர்ஜி: இல்லை. பதிவு செய்தவர்: அப்போது யார் கணினிக்குள் நுழைந்திருக்கிறாரோ அவர். தேதி: இன்று. ‘தமிழ்’ என்று எழுதியதற்கும் ‘இல்லை’ என்று எழுதியதற்கும் அவள் விரலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மொத்தம் கால் மணி நேர வேலை.

சோதித்துப் பார்க்க ஒரு பேர் வேண்டுமே. ‘ராஜாக்கண்ணு, 56’ என்று மட்டும் தட்டிப் பொத்தானை அழுத்தினாள். மற்ற இருபது கட்டமும் மளமளவென்று நிரம்பின. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சோதனைப் பதிவை அழித்துவிட்டுத்தான் ஊருக்குக் கொடுக்க வேண்டும். அது பால பாடம். ஆனால் ஒன்றாம் எண்ணில் அப்பா பேரைப் பார்த்தபின் அழிக்க மனம் வரவில்லை. முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். அன்று அது கோணலாகத் தெரியவில்லை, பாசமாகத்தான் தெரிந்தது.

“அப்பா, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல மொத பேரே உம்பேருதான்” என்று போனில் சொன்னாள். ராஜாக்கண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் சொன்னார். காவலூர் பஸ் கண்டக்டரிடமும் சொன்னார். தன் உடம்பைப் பற்றி எல்லாமே மகள் எழுதி வைத்திருக்கிறாள் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார்.

இரண்டரை வருஷம் கழித்து, இந்த மாசியில், புளி உலுக்கப் போன இடத்தில் அவர் காலில் மூங்கில் கட்டை குத்தியது. இரண்டு நாள் மஞ்சளை அப்பிக்கொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் கால் வீங்கி, தானே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்னமேரி பென்சிலின் ஊசி போட்டார். பத்து நிமிஷத்தில் மூச்சு இரைத்தது, உதடு நீலமாயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்த மாற்று மருந்தையெல்லாம் போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றி, மலை இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சிஸ்டர் ஊசி போட்டுக் கொன்றுவிட்டார் என்று மறுநாளே பேச்சு. மனைவி மங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அதையே சொன்னாள். எல்லாரையும்விடக் கடுமையாகச் சொன்னவள் பிரியதர்ஷினிதான். அன்னமேரியை வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்று ஸ்தாபனத்துக்கு மூன்று பக்க மனு எழுதினாள். ஓர் இடத்தில்கூட அடித்துத் திருத்தாமல் எழுதினாள். அன்னமேரியை லீவில் போகச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை விசாரணைக் கமிட்டி என்று நாள் குறித்தார்கள்.

கமிட்டி, இறந்தவரின் பதிவை அச்செடுத்துக் கேட்டது. கேட்டது கம்பெனியிடம். கம்பெனி அனுப்பியது பிரியதர்ஷினிக்கு. கம்பெனியில் அந்தக் கணினிக்குள் நுழையத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். காரியம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறினாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

ஒன்று என்று தட்டினாள். பதிவு வந்தது.

மருந்து அலர்ஜி: இல்லை. பதிவு செய்தவர்: பிரியதர்ஷினி.

அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது, செங்கத்தில் ஒரு டாக்டர் அப்பாவுக்குப் பென்சிலின் ஊசி போட்டார். முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிக்கொண்டன. பிழைத்தது பெரிய விஷயம். ‘இனிமேல் எங்கே போனாலும் இந்த மருந்து ஆகாதென்று சொல்லிவிடு’ என்று டாக்டர் அனுப்பினார். அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அந்தக் கோலத்தைப் பார்த்துக் கண்டக்டர் டிக்கெட்டே கேட்கவில்லை என்பது வீட்டில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்த கதை. அவளும்தான் சிரித்திருக்கிறாள். அலர்ஜி உண்டா என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதை வாய்க்கு வந்திருக்கும். கேட்க வேண்டிய அவசியமே இல்லாதபடி செய்தவள் அவள்.

பாறை சுட ஆரம்பித்துவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டால் கட்டம் காலியாகிவிடும். காலிக் கட்டத்தைப் பார்த்தும் ஏன் ஊசி போட்டாய் என்று பழி மொத்தமும் அன்னமேரி தலையில் விடியும். யாருக்கும் தெரியப் போவதில்லை. பொய் சொல்வானேன்? அவள் விரல் அழிக்கும் பொத்தான்மேல் கொஞ்ச நேரம் இருந்தது.

விரலை எடுத்தாள். வேறொன்று தோன்றி, அலர்ஜிக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தேடினாள். நாலாயிரத்து நூற்று ஆறு பேர். அதில் கேட்டு, யோசித்து, இல்லை என்று சொன்னவர் எத்தனை பேர்? யாரும் கேட்காமலே இல்லையாகிப் போனவர் எத்தனை பேர்? பிரித்துப் பார்க்க வழியே கிடையாது. இரண்டும் ஒரே சொல்லாக உட்கார்ந்திருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, “அலர்ஜி கட்டத்த நம்பாதீங்க. வர்றவங்க எல்லாரையும் வாயால கேட்டுட்டு ஊசி போடுங்க” என்று மூன்று முறை சொன்னாள். பிறகு அந்த டீஃபால்ட்டை நீக்கினாள். நாலாயிரத்து நூற்று ஐந்து பேருக்கு ‘கேட்கவில்லை’ என்று மாற்றினாள். அப்பாவுடையதை மட்டும் இருந்தபடியே விட்டு அச்சுக்கு அனுப்பினாள்.

சனிக்கிழமை போளூரில் இறங்கிப் பஸ் மாறி, கண்ணமங்கலத்தில் அன்னமேரி வீட்டைத் தேடிப் போனாள். கதவைத் திறந்த அன்னமேரி, திட்டவில்லை. “உள்ள வா” என்றார். முகம் பாதியாக இளைத்திருந்தது.

உட்காராமலே பிரியதர்ஷினி எல்லாவற்றையும் கொட்டினாள். டீஃபால்ட் என்றால் என்ன என்பதையும் சொன்னாள்.

“எப்டி வந்துச்சின்னு எனுக்குத் தெரியாது” என்றார் அன்னமேரி. “ஆனா உம்பேரு அதுல இருந்தது தெரியும். அன்னிக்கே பாத்தேன்.”

“அத கமிட்டிக்குச் சொல்லியிருக்கலாமே சிஸ்டர். நான் உங்க மேல மனு எழுதினேனே.”

“இன்னான்னு சொல்றது? மொதல்ல தோலுல கொஞ்சூண்டு போட்டுப் பாத்துட்டுதான் அந்த ஊசி போடணும். இருபது நிமிஷம் ஆவும். அன்னிக்குன்னு ஏகப்பட்ட கூட்டம். ‘இல்லை’ன்னு இருக்குது, பெத்த பொண்ணே எழுதியிருக்குதுன்னு வுட்டுட்டேன். எம்மேலயும் தப்பு இருக்குது. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உம்பேர சொல்வேன்?”

பிரியதர்ஷினிக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

“வாயால ஒரு வார்த்த கேக்கலியா சிஸ்டர்?”

அன்னமேரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இத உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன்” என்றார். “கேட்டேன். ‘முன்ன எப்பனா ஊசி ஒத்துக்காம போச்சா’ன்னு கேட்டேன். உங்கப்பா சிரிச்சாரு. ‘எல்லாம் எம் பொண்ணு அதுல எழுதி வெச்சிருக்குது சிஸ்டர். மொத பேரே எம்பேருதான். அதுல பாத்துக்கோங்க’ன்னாரு.”

அப்பா செத்த அன்றுகூட பிரியதர்ஷினி அப்படி அழவில்லை. அன்னமேரி எழுந்து வந்து அவள் முதுகில் கை வைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கமிட்டிக்கு எழுதினாள். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும், ‘இல்லை’ என்ற சொல் தன்னுடையது என்றும், அதை நம்பித்தான் சிஸ்டர் ஊசி போட்டார் என்றும், திங்கட்கிழமை நேரில் வந்து சொல்வதாகவும் எழுதினாள். மலை ஏறும் வழியில் சிக்னல் வரும் ஒரு வளைவில் அது போய்விட்டது. அம்மாவிடம் சொல்வதுதான் பாக்கி.

மங்கம்மாள் கூடத்தில் கோணியை விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தாள். அவர் கடைசியாக உலுக்கிய புளி. ஓட்டை நீக்கி, கொட்டையைத் தட்டி ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். பிரியதர்ஷினி எதிரில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அப்பா கடைசியாகச் சொன்னதையும் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரைக்கும் மங்கம்மாள் கை நிற்கவில்லை.

“அப்ப அந்தம்மா எழுதல?”

“இல்லம்மா. நான்தான்.”

“செங்கத்து கத உனுக்குத் தெரியுமே.”

“தெரியும்.”

“தெரிஞ்சா எழுதின?”

“நான் எழுதலம்மா. நான் எதுவும் எழுதலன்னா அதுவே எழுதிக்கிற மாதிரி…” கூட்டம், நெட்டு, இருபத்திரண்டு கட்டம் என்று வேலூரில் சரியாக இருந்த காரணங்கள் எதுவும் அந்தக் கூடத்தில் வாயைவிட்டு வரமாட்டேன் என்றன.

மங்கம்மாள் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். கோபம் வரும் என்று பிரியதர்ஷினி காத்திருந்தாள். வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

“மறந்தா மறந்துட்டுப் போற” என்றாள் மங்கம்மாள். “எனுக்கு ஒரு போன் போட்டு கேட்டிருக்கலாமில்ல கண்ணு? நான் வூட்லதான இருந்தேன்.”

பிரியதர்ஷினி கோணியிலிருந்து ஒரு புளியை எடுத்து ஓட்டை நீக்கினாள். மங்கம்மாள் கட்டையை எடுத்து மறுபடியும் புளி தட்ட ஆரம்பித்தாள்.