சோஃப்காவின் கோழிக்கூட்டில் ஒரு பெர்ன்டோர்ஃப்

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பேருந்தை ஓரங்கட்டிவிட்டு, கோபரீட் ஊர்ச் சதுக்கத்துக் காபி இயந்திரத்தில் மிலோய்கா காசு போட்டுக்கொண்டிருந்தாள். தபால்காரன் ஸ்லாவ்கோ பின்னாலிருந்து வந்து தன் கைபேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இது என்னன்னு சொல்லுங்க அக்கா."

"கோழிக்கூடு."

"கோழிக்கூட்டைக் காட்டவா மலையிலேர்ந்து இறங்கி வந்தேன்? அந்தப் பலகைக்கு அடியில பாருங்க."

மிலோய்கா பார்த்தாள். பலகையில் வட்டமாக ஓட்டை வெட்டி, ஒரு இரும்புத் தலைக்கவசத்தை மல்லாக்க இறக்கி வைத்திருந்தார்கள். அதன் முதுகு பலகைக்குக் கீழே வெள்ளையாகத் தொங்கியது. அந்த வெள்ளை முதுகின் நட்ட நடுவில், தட்டையாக, வட்டமாக, ஒரு வில்லை.

கோப்பை நிரம்பிக் காபி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் தலைக்கவசம் கிடைப்பது அதிசயமே இல்லை. முதல் உலகப் போரில் இரண்டரை வருடம் அந்த மலைகளின் மேல் படைகள் உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டுப் போன இடம். விட்டுப்போன இரும்பை ஜனங்கள் வீணாக்கவில்லை. காம்பு வைத்துச் சாணிநீர் மொண்டார்கள், புகைபோக்கிக்கு மூடி போட்டார்கள், கோழிக்குத் தண்ணீர் வைத்தார்கள். மிலோய்காவின் மாட்டுக்கொட்டில் மாடியில் மட்டும் ஐம்பத்திரண்டு தொங்குகின்றன. இல்லாதது ஒன்றுதான். ஆஸ்திரியாக்காரர்கள் பெர்ன்டோர்ஃப் ஆலையில் கொஞ்ச காலம் மட்டும் செய்த தலைக்கவசம். உச்சியில் காற்றோட்டத் துளை, அதன் மேல் ஒரு வட்ட வில்லை. அந்த வில்லையைத் தாளில் வரைந்து தபால்காரன், மாட்டு வைத்தியர், புகைபோக்கி சுத்தம் செய்பவர் எல்லோர் கையிலும் கொடுத்து ஒன்பது வருடம் ஆகிறது.

"யார் வீடு?" அவள் குரல் கிசுகிசுத்தது.

"ட்ரெஷ்னிட்சாவுல சோஃப்கா அத்தை வீடு. பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கப் போனேன், அத்தை கூட்டுக்குள்ள இருந்தாங்க. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிஞ்சேன், தலைக்கு நேரா மேல இது."

"வேற யாருகிட்டயும் சொன்னியா?"

"எல்லைக்கு அந்தப் பக்கம் இத்தாலியில துய்லியோவும் இதைத்தான் சேக்கறாரு, அவருக்கு ஒரு போன் போடலாமான்னு யோசிச்சேன். அவருன்னா ஒரு பாட்டில் ஒயினாவது வாங்கித் தருவாரு."

"போட்டுத்தான் பாரேன். உன் வண்டி டயர்ல காத்து நிக்காது."

"வீட்டுக்காரங்ககிட்ட மட்டும் சொன்னேன். மிலோய்கா அக்கா இதைப் பார்த்தா விடமாட்டாங்கன்னு. உடனே எடுத்துக்கட்டும்னுட்டாங்க."

மிலோய்கா அங்கேயே நின்று சோஃப்காவுக்குப் போன் போட்டாள்.

"அந்தப் பழந்தொப்பியா? தாராளமா எடுத்துக்கோம்மா," என்றாள் சோஃப்கா. "ஆனா அப்படியே அழுக்கோட எப்படித் தர்றது, நாலு பேரு என்ன சொல்லுவாங்க. லுட்விக் ட்ரில்லுல கம்பி பிரஷ் மாட்டிக்கிட்டு இருக்கான். பளபளன்னு தேய்ச்சு, டிராக்டருக்கு வாங்கின பச்சை பெயின்ட் மிச்சம் கிடக்கு, ரெண்டு கோட்டு அடிச்சு வைக்கிறோம். சாயங்காலமா வா."

"அத்தை, வேண்டாம். தொடாதீங்க. ஒண்ணுமே செய்யாதீங்க."

"ஒண்ணும் கேக்கலடீ, கோழி கத்துது. வச்சிடறேன்."

திரும்பப் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

சேகரிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது. போர்முனையில் அடித்த பெயின்ட்தான் தலைக்கவசத்தின் உயிர். அது போய்விட்டால் மிச்சம் இருப்பது பிடியில்லாத ஒரு வாணலி. நல்ல மனசோடு தேய்த்துக் கொடுக்கப்பட்ட வாணலிகள் நாலைந்தை மிலோய்கா பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்திருக்கிறாள்.

மணி பத்தாகப் போகிறது. ஒன்றே காலுக்குப் பள்ளி விடும், அதற்குள் பேருந்தோடு வாசலில் நிற்க வேண்டும். தன் பழைய காரில் ஏறி மலைப்பாதையில் மிதித்தாள். மூன்றாவது வளைவில் கோடை மேய்ச்சல் முடிந்து இறங்கும் ஆட்டு மந்தை. நூற்றைம்பது ஆடுகளாவது இருக்கும், ஒன்றுக்கும் அவசரமில்லை.

"எங்கயாவது தீப்பிடிச்சிருக்கா?" என்றான் மேய்ப்பவன்.

"பிடிக்கும். நீ ஒதுங்கலேன்னா இங்கயே பிடிக்கும்."

சோஃப்கா வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தும்போதே சத்தம் கேட்டுவிட்டது. கொட்டகைக்குள் ட்ரில் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. கார்க் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினாள். உள்ளே ஒரே வெண்புகை. நடுவில் சோஃப்காவின் மகன் லுட்விக், கண்ணாடி மாட்டிக்கொண்டு, மாவுமில்லில் வேலை செய்கிறவன் போல வெளுத்து நின்றான். தலைக்கவசம் மேசையில் பொருத்திய இடுக்கியில் இருந்தது. மிலோய்கா வணக்கம்கூடச் சொல்லாமல் சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கினாள்.

"யாரது கரண்டைப் புடுங்குனது?"

"நான்தான். தள்ளு லுட்விக், தள்ளிக்கோப்பா."

பயந்து பயந்துதான் குனிந்தாள். உள்ளங்கை அகலத்துக்கு அவன் தேய்த்திருந்தான். அந்த இடத்தில் இரும்பு மின்னவில்லை. பழுப்பாக இருந்தது. முதிர்ந்த வாதுமை ஓட்டின் பழுப்பு. விரல் நுனியை எச்சில் தொட்டுத் தடவினாள். பெயின்ட். நூறு வருடம் தாண்டிய பெயின்ட், கீறல்கூட இல்லாமல்.

"அரை மணி நேரமா தேய்க்கிறேன் அக்கா, இப்பத்தான் சுண்ணாம்பே போகுது," என்று லுட்விக் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னான். "அம்மா ஒவ்வொரு வசந்தத்துக்கும் கூட்டுக்கு வெள்ளையடிப்பாங்க. சுவரு, பலகை, தொப்பி, அசந்து நின்னா கோழிக்கும் ஒரு இழுப்பு. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அடிக்கிறாங்க."

அந்தச் சுண்ணாம்புதான் தெய்வம். வருடத்துக்கு ஒரு பூச்சாக ஏறி ஏறி விரல் கனத்துக்கு நின்று, துருவையும் அண்டவிடவில்லை, கம்பி பிரஷையும் அண்டவிடவில்லை. மிலோய்கா லுட்விக்கின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். அவளுடைய மூக்கும் வெள்ளையானது.

பிறகு அவள் துணிக்கொடியிலிருந்து ஒரு மரக்கிளிப்பை எடுத்து உடைத்து, வாளித் தண்ணீரில் துணியை நனைத்துச் சுண்ணாம்பின் மேல் போட்டு ஊற வைத்தாள். கிளிப்பின் நுனியால் மெல்ல நெம்ப, அவித்த முட்டை ஓடு போலச் சில்லுச் சில்லாக வந்தது. ஒவ்வொரு சில்லுக்கும் கீழே பழுப்பு. உச்சிக்கு வந்தபோது கிளிப்பைக் கீழே வைத்தாள். ஒரு பெரிய சில்லு தானாகவே கழன்று விழுந்தது. வில்லை தெரிந்தது. முழுசாக, நசுங்காமல்.

"லுட்விக், என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ."

"விழப்போறீங்களா?"

"ஆடப்போறேன்."

அப்போதுதான் சோஃப்கா வந்தாள், கக்கத்தில் ஒரு புள்ளிக்கோழியோடு.

"ஆட்டமெல்லாம் அப்புறம். இவளுக்கு என்ன வழி?"

கோழியின் பெயர் பீசனா. முதல் முட்டையிலிருந்தே அந்தத் தலைக்கவசத்தில்தான் இடுகிறாள். காலையில் அதை எடுத்ததிலிருந்து முற்றம் பூராவும் கத்திக்கொண்டு அலைகிறாள். வைக்கோல் பெட்டி வைத்தார்கள், கூடை வைத்தார்கள், ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முட்டையை அடக்கி வைத்துக்கொண்டு திரிகிறாள்.

"எடுத்துக்கோன்னு சொன்னது நான்தான், இல்லேங்கல," என்றாள் சோஃப்கா. "ஆனா குளிர்காலம் முழுக்க முட்டை போடுறவ இவ ஒருத்திதான். வேற எதுலயாவது இவ போட்டுட்டா, நீ கொண்டு போ. உக்காந்தா மட்டும் போதாது, போடணும். இல்லேன்னா இது பழைய இடத்துக்கே போகும்."

சோஃப்கா ஒரு முறை சொன்னால் சொன்னதுதான் என்று ட்ரெஷ்னிட்சா முழுக்கத் தெரியும். மிலோய்கா காருக்கு ஓடினாள். மற்ற சேகரிப்பவர்களோடு மாற்றிக்கொள்வதற்கென்று பின்பெட்டியில் எப்போதும் இரண்டு மூன்று தலைக்கவசங்கள் கிடக்கும். முதலில் யூகோஸ்லாவிய ராணுவத்து உருப்படியைக் கொண்டுவந்து, வைக்கோல் போட்டுப் பலகை ஓட்டையில் இறக்கினாள். பீசனா எட்டிப் பார்த்தாள், வைக்கோலைக் காலால் வாரி வெளியே எறிந்தாள்.

"பட்டாளத்துல நான் இதைத்தான் போட்டிருந்தேன்," என்றான் லுட்விக். "எனக்கே இதுல உக்காரப் பிடிக்காது."

அடுத்தது இத்தாலியத் தலைக்கவசம், நடுவில் சேவல் கொண்டை போல மேடு ஓடுவது. அந்த மேடு ஓட்டையில் சரியாகப் பொருந்தவில்லை. பீசனா ஏறினாள், அது ஒரு பக்கம் சாய்ந்தது, இறங்கிவிட்டாள்.

"இத்தாலிக்காரன் எப்பவுமே கொஞ்சம் ஆட்டம்தான்," என்றாள் சோஃப்கா. "இன்னும் இருக்கா?"

"இல்ல அத்தை."

"டிக்கியில போர்வைக்குள்ள ஒண்ணு இருந்துச்சே," என்றான் லுட்விக்.

மிலோய்கா அவனை முறைத்தாள். போர்வைக்குள் இருந்தது ஜெர்மன் தலைக்கவசம். உள்ளே தலை படும் இடத்தில் மூன்று தோல் மெத்தைகள், குதிரை முடி அடைத்தவை, தையல் பிரியாதவை. ஆயிரத்தில் ஒன்றுக்குக்கூட அந்த மெத்தை மிஞ்சாது. ஞாயிற்றுக்கிழமை கூடும் சேகரிப்பவர்கள் வயிறெரியட்டும் என்று காட்டுவதற்காக மட்டும் எடுத்து வைத்திருந்தாள், மாற்றுவதற்கல்ல. அதில் ஒரு கோழியை உட்கார வைப்பதா? இடுக்கியில் இருந்த பழுப்பைத் திரும்பிப் பார்த்தாள். வில்லை ஈரமாக மின்னியது. போர்வையைப் பிரித்தாள்.

பீசனா கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தாள். ஒரு காலை வைத்தாள். மெத்தையை அலகால் கொத்தினாள். இரண்டு சுற்றுச் சுற்றினாள். அப்படியே அமர்ந்தாள்.

"மெத்தை இருக்குல்ல," என்றாள் சோஃப்கா. "மகாராணி."

மூவரும் கூட்டு வாசலில் கவிழ்த்துப் போட்ட வாளிகளில் உட்கார்ந்தார்கள். சோஃப்கா வாதுமைப் பூரணம் வைத்த ஷ்த்ரூக்லிக் கொழுக்கட்டை கொண்டுவந்தாள். மிலோய்கா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அதை மெல்லவே மறந்தாள். பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டரை. லுட்விக் தும்மினான், அம்மாவும் மிலோய்காவும் ஒன்றாகத் திரும்பி அவனை எரித்தார்கள். பன்னிரண்டு நாற்பதுக்குப் பீசனா எழுந்து நின்றாள். மூவரும் வாளியிலிருந்து பாதி எழுந்தார்கள். திசையை மாற்றிக்கொண்டு மறுபடி அமர்ந்தாள்.

"நீ பஸ்ஸுக்குப் போம்மா, நாளைக்கு வா," என்று சோஃப்கா கிசுகிசுத்தாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் அத்தை."

"அஞ்சு நிமிஷம் முன்னாடியும் இதையேதான் சொன்ன."

பன்னிரண்டு ஐம்பதுக்கு மிலோய்கா சாவியைக் கையில் எடுத்தாள். அதற்கு மேல் நின்றால் பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். எழுந்து இரண்டடி வைத்தாள். பின்னால் பீசனா மலை அதிரக் கொக்கரித்தாள். திரும்பிப் பார்த்தால், மூன்று தோல் மெத்தைகளுக்கு நடுவில், ஆவி பறக்க, ஒரு பழுப்பு முட்டை.

சோஃப்கா முட்டையை எடுத்து மேலங்கியில் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "ஓடு கெட்டியா இருக்கு. தொப்பியை எடுத்துட்டு ஓடு."

மிலோய்கா இடுக்கியிலிருந்து பெர்ன்டோர்ஃபைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள். போர்வை கூட்டுப் பலகையிலேயே கிடந்தது, எடுக்க நேரமில்லை. இருக்கையில் வைத்தால் முதல் வளைவிலேயே உருளும். அந்தக் காரில், அந்தப் பாதையில், அது உருளாத இடம் ஒன்றே ஒன்றுதான். அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

ஒன்று பதினான்குக்குப் பேருந்தின் கதவு திறந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி, ஓட்டுநரின் முடியிலும் புருவத்திலும் அப்பியிருந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"எங்க போயிருந்தீங்க?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள்.

"கோழி முட்டை போடுறதைப் பார்க்க," என்றாள் மிலோய்கா. ஊர் போய்ச் சேரும்வரை அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை.