நாற்பத்தோராவது கடிதம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கண் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. மயிலாப்பூர், சனிக்கிழமை காலை. இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் பேப்பர் படிக்க முடியாது. போன் பார்க்க முடியாது. பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயதுப் பெண்மணி. ஒரு பல்கலைக்கழகத்தில், மாணவர் சேர்க்கைப் பிரிவில் கண்காணிப்பாளர். அவர் பெயரை மாற்றி ஸ்வர்ணலதா என்று வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தை நானே புதிதாகக் கட்டிவிட்டேன். மூன்று மாடி. மஞ்சள் சுவர். லிப்ட் வேலை செய்யாது. எந்த பஸ்ஸிலும் அதற்கு டிக்கெட் கொடுக்க மாட்டார்கள். தேடிப் போக வேண்டாம்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் என்னைக் கூப்பிட்டுவிட்டார். பரிசோதனை முடிந்து வெளியே வந்தபோது நாற்காலி காலி. ஆகவே கதையின் முடிவு என்னிடம் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஏமாற்று வேலை.

2

முதல் வரியைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

[கல்வி சந்தைக்கு வந்துவிட்ட இந்த நாட்டில்] அடித்துவிட்டேன். தலையங்கம்.

[தங்கவேல் அந்தக் கடிதத்தைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு] பொய். கடிதம் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. கவர் அக்குளில் இருந்தது.

[சிவப்பு நாடா கட்டிய விண்ணப்பங்கள்] இது இருக்கட்டும். ஆனால் விளக்க வேண்டும். விளக்கத்தில் தொடங்கும் கதையை யாரும் படிப்பதில்லை. நீங்கள் படித்துவிடுங்கள்.

முதுகலை இயற்பியல். இருபத்தாறு இடங்கள். நுழைவுத் தேர்வில் வாங்கிய ரேங்க்படி சேர்க்கை. இது அறிவிப்பில் இருப்பது.* நடப்பது வேறு. இருபத்தொரு இடம் ரேங்குக்கு. ஐந்து இடம் கடிதத்துக்கு. அமைச்சர் கடிதம், மாவட்டச் செயலாளர் கடிதம், வட்டச் செயலாளர் கடிதம் என்று வரும். கடிதம் வந்த விண்ணப்பங்களை எல்லாம் தனியே எடுத்துச் சிவப்பு நாடாவால் கட்டுவார்கள். அந்தக் கட்டுக்குள் ரேங்க் பார்ப்பதில்லை. கையெழுத்து யாருடையது என்று பார்ப்பார்கள்.

இதுவரை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஊகிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. கடிதம் வந்த விண்ணப்பத்தை ரேங்க் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். பழைய பதிவாளர் ஒருவர் வைத்துவிட்டுப் போன வழக்கம். ஒரே ஆளுக்கு இரண்டு வாய்ப்பு கொடுப்பது அநியாயம் என்றாராம். நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர்.

இந்த வழக்கத்தால் இதுவரை யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை. நல்ல ரேங்க் வாங்கியவர்கள் கடிதம் தேடிப் போனதில்லை. இந்த வருடம் சிவப்பு நாடாவுக்குள் நாற்பது பேர். ஒருவர்கூட முதல் நூறு ரேங்குக்குள் இல்லை.

நாற்பத்தோராவது ஆள் வியாழக்கிழமை வந்தார்.

* இட ஒதுக்கீட்டை இங்கே எழுதவில்லை. அது சட்டம். நான் சொல்லவந்தது சட்டத்தில் இல்லாததை.

3

பதினொன்றரை மணி. ஸ்வர்ணலதா ஆதம்பாக்கத்திலிருந்து எடுத்துவந்த பிளாஸ்கைத் திறந்து, மூடியில் காபி ஊற்றினார். கவுன்ட்டர் ஓட்டை வழியாக ஒரு பிளாஸ்டிக் கவர் உள்ளே நீண்டது.

"மேடம், லெட்டர் ஒண்ணு கீது. பொண்ணு அப்ளிகேசனோட சேக்கணும்."

சிந்தாதிரிப்பேட்டை தங்கவேல். மைக் செட் வைத்திருப்பவர். ஸ்வர்ணலதா விண்ணப்ப எண்ணை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினார். மகள் பெயர் தமிழ்நிலா. ஏழாவது ரேங்க்.

ரேங்க் பட்டியல் இன்னும் வெளியாகவில்லை. ஏழு என்று சொல்லக் கூடாது. சிவப்பு நாடா என்று ஒன்று இருப்பதாகவும் சொல்லக் கூடாது. இரண்டையும் சொல்லாமல் இந்த மனிதரைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"லெட்டர்லாம் வேணாங்க. எடுத்துட்டுப் போங்க."

"ஏன் வேணாம்?"

"பொண்ணு நல்லா எழுதியிருக்கு."

"நல்லாத்தான் எழுதும். நல்லா எழுதிட்டு வூட்ல குந்திக்கினு கீற புள்ளைங்க எங்க தெருவுலயே நாலு கீது. அதுக்குத்தான் லெட்டரு."

"உங்களுக்கு இது தேவைப்படாதுங்க."

"எனக்குத் தேவப்படாது. கார்ல வந்து எறங்கறவனுக்குத் தேவப்படும். அப்டித்தான?"

"நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"இன்னா மேடம் நல்லது? மந்திரி லெட்டர்னா எந்திரிச்சு நின்னு வாங்குவீங்க. வட்டம் லெட்டர்னா எளக்காரமா?"

வட்டம் என்றால் வட்டச் செயலாளர். அந்தப் பக்கத்தில் அவரை அப்படித்தான் சொல்கிறார்கள்.

தங்கவேல் குரலை உயர்த்தவில்லை. தொழிலே மைக் என்பதால் அவர் சாதாரணமாகப் பேசினாலே மாடி முழுக்கக் கேட்டது.

"இருவத்திரண்டு வருசமா கச்சிக்கு மைக்கு கட்றேன். மழ, காத்து, எலெக்சன், இன்னாவா இருந்தாலும் சரி. தலைவர் பேசும்போது ஒரு தபா மைக்கு கொய்ங்குனு கத்தியிருக்குதா கேளுங்க. இதுவரைக்கும் வாயத் தொறந்து ஒண்ணும் கேட்டதில்ல. இப்பத்தான் ஒரு லெட்டர் கேட்டேன். வட்டம் ஒரே நிமிசத்துல கையெழுத்து போட்டாரு. நீங்க வேணான்றீங்க."

தபால் பிரிவு தௌஃபீக் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தார்.

"எதுக்கு மேடம் வம்பு? வந்த தபாலை வாங்கிக்க வேண்டியதுதானே."

"தௌஃபீக், கொஞ்சம் இருங்க."

தௌஃபீக் இருக்கவில்லை. கவரிலிருந்து கடிதத்தை எடுத்தார். முத்திரை குத்தினார். பதிவேட்டில் எழுதினார். 1187. கவரிலேயே இருந்த நகலில் அந்த எண்ணைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தேங்ஸ் நைனா." தங்கவேல் அந்த எண்ணைப் போனில் படம் எடுத்தார். அங்கேயே நின்று யாருக்கோ அனுப்பினார். பிறகு கவுன்ட்டர் ஓட்டையில் குனிந்து பார்த்தார். கோபம் போயிருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். உங்களுக்கும் மேல ஆளு இருப்பாங்க. தெரியும்."

ஸ்வர்ணலதா கடிதத்தைத் தமிழ்நிலாவின் விண்ணப்பத்தோடு வைத்துக் குண்டூசி குத்தினார். அதைச் சிவப்பு நாடாவுக்குள் வைத்தார். வட்டச் செயலாளர் கையெழுத்துக்கு அங்கே முப்பதாவது இடம்கூடக் கிடைக்காது. உள்ளே போகப்போவது ஐந்து பேர்.

காபி ஆறிவிட்டது. [எல்லாக் கதையிலும் காபி ஆறுகிறது. எடுத்துவிடுகிறேன். மிச்சக் காபி பிளாஸ்கில் சூடாகவே இருந்தது. அவர் குடித்தார்.]

4

முதல் பிரதியில் ஸ்வர்ணலதாவை ஓர் உத்தமியாக எழுதியிருந்தேன். ஊழல் அலுவலகத்தில் ஒரே ஒரு நேர்மையான ஆள். வாசகர்களுக்குப் பிடிக்கும். எழுதுவதும் சுலபம்.

ஆனால் ஆஸ்பத்திரியில் அவர் நடுவில் ஒன்று சொல்லிவிட்டார். நான் கேட்கவே இல்லை.

"எனக்கு இந்த வேலை கெடச்சதே ஒரு லெட்டர்லதான் சார். எங்க சித்தப்பா ஒரு எம்எல்ஏகிட்ட வாங்கிக் குடுத்தார். அப்ப என்னை விட நல்லா டைப் அடிக்கிற பொண்ணு ஒருத்தி இன்டர்வியூல என் பக்கத்துல உக்காந்திருந்தா. அவ பேர்கூட ஞாபகம் இருக்கு. ஹம்சா."

இதைக் கதையில் வைத்தால் அவர் மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை குறையும். வைக்காவிட்டால் நான் ஒரு கடிதத்தை ஒளித்தவன் ஆவேன். வைத்துவிட்டேன்.

5

வெள்ளிக்கிழமை மதியம் ஸ்வர்ணலதா மாடிப்படியில் நின்றுகொண்டு தன் சொந்தப் போனிலிருந்து தமிழ்நிலாவைக் கூப்பிட்டார். சொல்லக் கூடாதது எல்லாவற்றையும் சொன்னார்.

"மேடம், நான் ஏழாவதா?"

"ஆமாம்மா. நான் சொல்றது அது இல்ல—"

"மொத்தத்துலயும் ஏழாவதா?"

"மொத்தத்துலயும்."

அந்தப் பெண் சிரித்தாள். இன்னொரு முறை சிரித்தாள். பிறகுதான் மிச்சம் அவளுக்கு உறைத்தது.

"அப்ப அந்த லெட்டரை எடுத்துடுங்க மேடம்."

"சீல் போட்டாச்சு. எழுதிக் குடுத்தவர்தான் திரும்ப வாங்கிக்க முடியும். உங்க வட்டம் கைப்பட எழுதித் தரணும்."

"அப்பா போய் அவராண்ட உங்க லெட்டர் வேணாம்னு சொல்லணுமா?"

"ஆமாம்."

"அப்புறம் அப்பா எங்க ஏரியாவுல மைக்கே கட்ட முடியாது மேடம். நேத்துலேர்ந்து அந்த போட்டோவைத் தெருவுல எல்லார்கிட்டயும் காட்டிக்கினு கீறாரு. அம்மாவை வேற மெழுகுவத்தி ஏத்தச் சொல்லி சாந்தோமுக்கு அனுப்பிச்சிட்டாரு. உங்க பொண்ணு ஏழாவது, நீங்கதான் கெடுத்தீங்கன்னு அவராண்ட எப்டி சொல்வேன்?"

ஸ்வர்ணலதா போனை மறு காதுக்கு மாற்றினார்.

"மேடம், அது உங்க கைலதானே இருக்கு?"

6

அவர் கையில்தான் இருந்தது. விண்ணப்பங்கள் திங்கட்கிழமை நான்கு மணிக்குச் சேர்க்கைக் குழுவுக்கு மாடி ஏறும். அதற்குமுன் குண்டூசியை உருவி, கடிதத்தைக் கைப்பையில் போட்டு, விண்ணப்பத்தைப் பட்டியலில் பழைய இடத்தில் வைத்தால் போதும். தௌஃபீக்கின் பதிவேட்டை யாரும் புகார் வந்தால் ஒழியத் திறப்பதில்லை. வட்டம் புகார் செய்ய மாட்டார். எத்தனை கடிதம் கொடுத்தோம் என்பதே அவருக்கு நினைவிருக்காது.

ஆனால் ஸ்வர்ணலதா ஒரு காரியம் செய்தார். தமிழ்நிலா நீங்கியதால் பட்டியலில் கடைசி இடத்துக்கு யார் ஏறிவந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் வேண்டியிருந்தது. [இருபத்திரண்டாவது ரேங்க், கல்குவாரி முதலாளி மகன் சாய்சரண்] என்று எழுதினேன். அடித்தேன். கல்குவாரி முதலாளி மகன் எதற்கு இருபத்திரண்டாவது ரேங்க் வாங்குகிறான்? அவன் சிவப்பு நாடாவுக்குள் முதல் ஆளாக நிம்மதியாக இருக்கிறான்.

இருபத்திரண்டாவது ரேங்க் வஜீஹா. திருவல்லிக்கேணி. கடிதம் கிடையாது. விண்ணப்பத்தில், தந்தை தொழில் என்ற இடத்தில் "குடை ரிப்பேர்" என்று இருந்தது.

குண்டூசியை உருவினால் தமிழ்நிலா உள்ளே, வஜீஹா வெளியே. உருவாவிட்டால் வஜீஹா உள்ளே, தமிழ்நிலா வெளியே.

"ரெண்டும் பொண்ணுங்க சார். ரெண்டும் நல்லா எழுதியிருக்கு" என்றார் ஸ்வர்ணலதா. கண்ணில் மருந்து வழிந்துகொண்டிருந்தது. அதை அழுகை என்று எழுத ஆசையாக இருக்கிறது. மருந்துதான். "நீங்க எழுதறவர்ங்கறீங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அப்போதுதான் நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார். "கூப்பிடறாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கொஞ்சம் வேகமாகவே எழுந்தேன்.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. ஸ்வர்ணலதா குண்டூசியை உருவுகிறார். தமிழ்நிலாவுக்கு இடம் கிடைக்கிறது. கடிதம் வேலை செய்துவிட்டது என்று தங்கவேல் நம்புகிறார். அடுத்த தேர்தலுக்கு இரண்டு ஸ்பீக்கர் கூடுதலாகக் கட்டுகிறார். வட்டமும் அப்படியே நம்பி, அடுத்த வருடம் எழுபது கடிதம் கொடுக்கிறார்.

இரண்டு. உருவவில்லை. தமிழ்நிலாவுக்கு இடம் இல்லை. கடிதம் சின்னதாகப் போய்விட்டது என்று தங்கவேல் நினைக்கிறார். மந்திரி வீட்டு வாசலில் நிற்க ஆள் தேடுகிறார்.

மூன்று. தமிழ்நிலா அப்பாவிடம் சொல்கிறாள். தங்கவேல் வட்டத்தின் வீட்டுக்குப் போகிறார். வட்டம் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "இன்னா தங்கவேலு" என்கிறார். தங்கவேல் வாயைத் திறந்து

இதற்குமேல் நகரவில்லை. நான்கு நாள் முயன்றேன். அந்த மனிதர் வாயைத் திறந்தபடியே நிற்கிறார். ஊருக்கெல்லாம் மைக் கட்டியவருக்கு ஒரு வாக்கியம் கொடுக்க என்னால் முடியவில்லை.

முதல் முடிவுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். எனக்கும் அதுதான். தமிழ்நிலா சிரித்ததை நாம் கேட்டோம். வஜீஹாவுக்கு நான் ஒரு வரிகூடப் பேசக் கொடுக்கவில்லை. பேசக் கொடுத்திருந்தால் நீங்கள் அந்தப் பக்கம் போயிருப்பீர்கள். ஏழாவது ரேங்க் வாங்கியவளுக்கு ஏழாவது இடத்தைக் கொடுக்க ஒரு கண்காணிப்பாளர், ஓர் எழுத்தாளன், ஒரு வாசகர் என்று மூன்று பேர் தயவு வேண்டியிருக்கிறது. எழுதும்போதே எரிச்சலாக வருகிறது.

8

கதையைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்குமுன் பெயர்களையும் எண்களையும் சரிபார்த்தேன். இது என் வழக்கம். ஆதம்பாக்கம், வியாழக்கிழமை, பதினொன்றரை, 1187. எல்லாம் சரி. ஏழாவது ரேங்க். சரி. இருபத்திரண்டாவது ரேங்க். சரி.

மொத்த இடங்கள் இருபத்தாறு.

அங்கே பேனா நின்றுவிட்டது.

நீங்கள் முன்பே கவனித்திருக்கலாம். நான் கவனிக்கவில்லை. நான்கு பிரதி எழுதினேன். மூன்று முடிவு யோசித்தேன். இரண்டு பெண்களைத் தராசின் இரண்டு தட்டிலும் வைத்துத் தூக்கமில்லாமல் கிடந்தேன். இருபத்தாறு இடத்துக்கு ஏழும் போகும், இருபத்திரண்டும் போகும். அதன் பிறகும் நான்கு இடம் மிச்சம் இருக்கும். ஒருத்தி வெளியே போனால்தான் இன்னொருத்தி உள்ளே வரலாம் என்று யார் சொன்னது? நான்தான் எழுதினேன். இருபத்தேழு வருடம் அங்கே வேலை பார்த்த ஸ்வர்ணலதாவும் அப்படித்தான் சொன்னார். அவரும் கழித்துப் பார்க்கவில்லை. அந்த ஐந்து இடத்தை நாங்கள் இரண்டு பேரும் மழை, வெயில் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தோம்.

நான் கட்டிய பல்கலைக்கழகத்தில் இன்னும் திங்கட்கிழமை மூன்றரை மணிதான். சிவப்பு நாடா கட்டிய விண்ணப்பங்கள் மேசைமேல் இருக்கின்றன. தௌஃபீக் டீ குடிக்கப் போயிருக்கிறார். ஸ்வர்ணலதா குண்டூசியைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். உருவுவதா, வேண்டாமா என்று என்னைப் பார்க்கிறார்.

குண்டூசியைப் பற்றி மூன்று முடிவு எழுதியிருக்கிறேன். அந்த நாடாவை அவிழ்ப்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எப்படி எழுதுவது என்று இப்போதும் தெரியவில்லை. அரை மணி இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள்.

[ஸ்வர்ணலதா குண்டூசியிலிருந்து கையை எடுத்துவிட்டு,]