மெத்தைக்காரர் பார்க்க வந்த கூட்டம்

கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு இருப்பது எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேருக்குத் தெரிந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த விளையாட்டுக்கு ஸ்பான்சர் பிடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. போதாக்குறைக்கு அதை ஆடுகிற ஒருவருக்கே கழுத்தையும் நீட்டியிருக்கிறேன். ஆக, எனக்கு ஆபீசிலும் அடி, வீட்டிலும் அடி.

எங்கள் சங்கம் வருடாவருடம் நடத்தும் போட்டிக்குப் பணம் கொடுத்துவந்த பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் போன வருடத்தோடு கும்பிடு போட்டுவிட்டார்கள். பிஸ்கட், டயர், கடைசியில் கரப்பான்பூச்சி மருந்து கம்பெனி வரைக்கும் போய்ப் பல்லைக் காட்டினேன். இதையெல்லாம் யாரும்மா உட்கார்ந்து பார்ப்பது என்று எல்லோரும் சொல்லிவைத்த மாதிரிக் கேட்டார்கள். மெத்தைக் கம்பெனி முதலாளி மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார். கடைசி நாள் ஆட்டத்துக்கு நேரில் வருவாராம். கூட்டம் இருந்தால் கையெழுத்து, இல்லையென்றால் நடையைக் கட்டிவிடுவாராம்.

கையெழுத்து விழாவிட்டால் போட்டிக்கு மூடுவிழாதான். என் வீட்டுக்காரருக்கு இதை விட்டால் வேறு போட்டி கிடையாது. இத்தனை வருடத்தில் ஒரு கோப்பைகூட வாங்காத மனுஷன், மட்டையை மூலையில் சாத்திவிட்டு அவருடைய அண்ணன் டைல்ஸ் கடையில் போய் நிற்க வேண்டும். அந்த அண்ணன் வாய் இருக்கிறதே, அப்பப்பா! அங்கே இவர் கைகட்டி நிற்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

நேராக என் அக்காவிடம் போனேன். டிவி நிகழ்ச்சிகளில் கேலரி நிறைய உட்கார்ந்து கைதட்டுகிறார்களே, அந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதுதான் அவள் தொழில். அவளுடைய ஆட்கள் எந்தச் சொத்தை ஜோக்குக்கும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பந்து குழியில் விழுந்தால் கைதட்ட வேண்டும், மற்ற நேரம் அங்கே நிற்கும் எங்கள் ஆட்கள் காட்டுகிறபடி நடந்துகொள்ள வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. ரோஷக்காரர், தெரிந்தால் ஆடவே வரமாட்டார்.

கடைசி நாள். என் வீட்டுக்காரர் என்றும் இல்லாத திருநாளாக முன்னிலையில் இருந்தார்! மெத்தைக்காரரோ முன்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஈ காக்கா இல்லை. நான் அக்காவுக்குப் போன்மேல் போன் போட்டேன். வேறொரு ஷூட்டிங் முடிந்து அக்காவின் பஸ்கள் வந்து சேர்ந்தபோது, ஆட்டம் கடைசிக் குழிக்கு வந்துவிட்டிருந்தது. திபுதிபுவென்று கேலரி நிரம்பியது. மெத்தைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு கட்டில் நீளம்கூட இல்லை. தட்டிவிட்டால் கோப்பை. என் வீட்டுக்காரர் குனிந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் ஆட்கள் வழக்கம்போல இரண்டு பக்கமும் பலகையைத் தூக்கிப் பிடித்தார்கள். அதில் ‘அமைதி’ என்று எழுதியிருக்கும். அழகாக இருக்கட்டும் என்று எங்கள் சங்கத் தலைவர் மெல்லிசான தங்க எழுத்தில் எழுதச் சொல்லியிருந்தார். அதை எவன் படித்தான்? டிவி ஸ்டூடியோவில் பலகையைத் தூக்கினால் ஒரே அர்த்தம்தான்: கைதட்டு, கத்து.

கேலரி மொத்தமும் எழுந்து தொண்டை கிழியக் கத்தியது. விசில் வேறு. பந்து குழியை ஒட்டிக்கொண்டு ஓடியே போய்விட்டது. திரும்ப அடித்தார், அதுவும் போனது. கோப்பை வேறு ஒருவர் கைக்குப் போனது. பாவி அக்கா என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

மெத்தைக்காரர் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். ஒருத்தர்கூடத் தூங்காத கூட்டத்தை இப்போதுதான் பார்க்கிறாராம். அங்கேயே கார் பானெட்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடமும் இதே கூட்டம் வேண்டும் என்றார். எங்கள் தலைவர் அது எங்கிருந்து வந்த கூட்டம் என்றே கேட்காமல் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்துதான் நான் பக்கத்தில் போனேன்.

“அந்தக் கத்தலாலதானே தவறிப்போச்சு?” என்று ஆரம்பித்தேன்.

“சத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றார். “இத்தனை வருஷமா காலி நாற்காலிக்கு முன்னாடிதானே ஆடினேன். திடீர்னு அவ்வளவு பேர் எழுந்து நிக்கவும், நமக்காகவா இவ்வளவு பேர்னு தோணிடுச்சு. கை நடுங்கிடுச்சு.” சிரித்தார். கண் கலங்கியிருந்தது. “எனக்காகத்தானே வந்தாங்க?”



“பின்ன? உங்களுக்காகத்தான் வந்தாங்க” என்றேன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அடுத்த வருடத்துக்கு இப்போதே அக்காவிடம் சொல்லிவைக்க வேண்டும் என்று நினைத்தபடி, கீழே உட்கார்ந்து அவருடைய ஷூ லேசை அவிழ்த்தேன்.