சத்தமில்லாத வலி

கலைமதியை நினைத்து நர்ஸ் மேரிசெல்விக்குப் பெருமை தாங்கவில்லை. கூச்சல் இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. உப்பளத்தில் நாள் முழுக்க உப்பு வாருகிற பெண், இரண்டாவது பிரசவம். "வலி எப்டிம்மா இருக்குது?" என்று கேட்கும்போதெல்லாம், "லேசாத்தான் சிஸ்டர்" என்றாள். அப்படியென்றால் பொழுது சாய்ந்துதான் பிறக்கும் என்று நர்ஸ் முடிவு கட்டினாள். சத்தத்தை வைத்து நேரம் சொல்வது அவளுக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம். கெட்ட பழக்கம்தான்.

சுனாமி அடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மரக்காணத்துப் பக்கம் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அன்று வேறு நர்ஸ் கிடையாது. ஒரு பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து மேரிசெல்வி யாரையும் அதட்டுவதில்லை. துணைக்குக் கலைமதியின் மாமியார் பாப்பாத்தியையும் பிரசவ அறைக்குள் விட்டிருந்தாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது அந்த மாமியார்தான் ஓடி வந்தாள்.

"சிஸ்டரு, முந்தானைய கடிச்சே கிழிச்சிட்டா, வந்து பாருங்க!"

நர்ஸ் கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள். பார்த்தால், குழந்தையின் தலை தெரிகிறது.

"இவ்ளோ வலிய வச்சிக்கினு லேசாத்தான்னியே! வாயத் தொறந்து சொன்னா என்னா?"

கலைமதி வாயிலிருந்து துணியை எடுத்தாள். "போன வாட்டி கத்துனேன்னு தொடையில அடிச்சீங்களே சிஸ்டர்."

மேரிசெல்விக்கு அது நினைவே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. எத்தனை பேரை அடித்திருந்தால் ஒருத்தி முகம் மறந்துபோகும்!

"தப்பும்மா. பெரிய தப்பு பண்ணிட்டேன்" என்றாள். "இப்ப கத்து. எங்கையப் புடிச்சிக்கோ. படுக்க வேணாம், உனக்கு எப்டி தோதோ அப்டி இரு."

கலைமதி குந்தி உட்கார்ந்தாள். மாமியார் முதுகைத் தாங்கினாள். அடுத்த வலிக்குக் கத்தினாள் பாருங்கள், வாசலில் நின்ற புருஷன் சேட்டு அலறிப் புடைத்துக்கொண்டு கதவைத் தட்டினான். அம்மாவைக் கூப்பிட்டாள், அம்மாவைப் பெற்ற ஆயாவைக் கூப்பிட்டாள், நர்ஸைப் படுபாவி என்றாள்.

"நல்லாத் திட்டு!" என்றாள் நர்ஸ்.

நாலாவது வலிக்குப் பெண் குழந்தை வந்து விழுந்தது. நர்ஸ் அதை ஏந்தித் தாயின் நெஞ்சில் போட்டாள். அழுகிற குழந்தையை அணைத்துக்கொண்ட கலைமதி, நர்ஸின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டாள். தன் நகம் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"ஐயையோ, வலிக்குதா சிஸ்டர்?"

தான் அடித்த ஒருத்தியிடமும் மேரிசெல்வி அதைக் கேட்டதில்லை. துணி எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.