ஐந்தாவது ஆட்டத்திலிருந்து கார்னெட்டின் கோல்கள்

1.

கதை எழுத உட்கார்ந்தவன் அல்ல நான். இது ஒரு கடிதத்தால் வந்த வினை. எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பதினோரு ஆண்டுகளாகக் கோல் கணக்கு எழுதுகிறேன். கடிதம் எழுதும் பழக்கமும் உண்டு. தேதி, பொருள், பத்தி எண் எதுவும் விடுபடாது. அப்படி ஒன்றை இந்த வியாழக்கிழமை பயிற்சியாளர் ஆர்வில் தீசனுக்கு அனுப்பினேன். பொருள்: தொடர் நீள நீள நட்சத்திர ஆட்டக்காரர்களின் கோல்கள் குறைதல்.

ஆட்டக்காரர்கள் என்று பன்மையில் எழுதினேனே தவிர, எங்களிடம் இருக்கும் நட்சத்திரம் ஒருவன்தான். கார்னெட் புரோகோப்சுக், என் மனைவி நோரீனின் தம்பி.

2.

முதல் தொடக்கம்: 'மார்ச் மாதப் பனி கார்னெட்டின் தாடியில்...' வேண்டாம். தொடர் முடியும்வரை எங்கள் ஆட்கள் சவரம் செய்வதில்லை, தாடி இருந்தது உண்மை. ஆனால் அதில் ஒட்டியிருந்தது கடுகுச் சாந்து.

இரண்டாவது தொடக்கம்: அவன் கதவைத் தட்டவில்லை. பூட்ஸ் காலோடு நேராகச் சமையலறைக்குள் வந்தான்.

"மச்சான், நாலாவது ஆட்டத்தோட நான் செத்துட்டேன்னு எழுதிக் குடுத்தீங்களாமே?"

"செத்துட்டேன்னு எழுதலடா. குறையுதுன்னு எழுதினேன். அட்டவணை போட்டு."

"அது இன்னும் கேவலம்."

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3.

[வாசகருக்கு: முதலில் நான்கு ஆட்டம் வெல்பவர்களுக்குத் தொடர். அதிகபட்சம் ஏழு ஆட்டம். இந்த ஆண்டு இறுதித் தொடர் மூன்றுக்கு மூன்று. கார்னெட்டின் கோல்கள் வரிசையாக 2, 1, 1, 0, 0, 0.]

என் கடிதத்தைப் படித்த ஆர்வில், ஏழாவது ஆட்டத்தில் அவனை ஆட விடாமல் வெளியே உட்கார வைக்கலாமா என்று யோசிக்கிறார். கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்: 'உட்கார வைக்கட்டுமா? ஆமா, இல்லே, ஒரே வார்த்தை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குள்.'

கார்னெட்டுக்கு முப்பத்தெட்டு வயது. முழங்கால் போய்விட்டது, இதுதான் கடைசி ஆண்டு என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டான். உட்கார வைத்தால், அவனுடைய கடைசி ஆட்டம் புதன்கிழமை ஆடிய ஆறாவதோடேயே முடிந்துபோயிருக்கும், அவனுக்கே தெரியாமல். அவன் கண்களில்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். மச்சினனின் கண்களை வர்ணிப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.)

4.

"எல்லாம் அந்த ரைமராலதான்," என்றான் கார்னெட்.

எதிரணியின் ரைமர், தொழிலில் பிளம்பர். களத்தில், ஆறு ஆட்டமாக இவனை நிழல்போலத் தொடர்வதுதான் அவருக்கு வேலை.

"முதல் ஆட்டத்துல கெட்ட வார்த்தை. மூணாவதுல வானிலை. ஆறாவதுல, 'உன் பொண்ணுக்குப் பல்லு கம்பி எடுத்தாச்சா'ங்கறான். நான் அவனுக்குப் பதில் சொல்லிட்டு இருக்கேன், வட்டு என்னைத் தாண்டிப் போகுது!"

"பதில் சொல்லாம இருக்க வேண்டியதுதானே?"

"அக்கறையா கேக்கறான் மச்சான்!"

ரைமரை நான் சற்று ஊதிப் பெரிதாக்கியிருக்கலாம். பல்லுக் கம்பி மட்டும் உண்மை.

5.

பெரோகிக் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்த பானையை விட்டு வந்து, நோரீன் என் அட்டவணையைப் பார்த்தாள். ஒன்பது பழைய தொடர்கள், வருஷத்துக்கு ஒரு வரி, ஆட்டத்துக்கு ஒரு கட்டம்.

"என்னங்க, இந்த நாலு வருஷத்துல அஞ்சாம் கட்டத்துலேருந்து ஏன் காலியா இருக்கு?"

"அதெல்லாம் நாலு ஆட்டத்துலயே ஜெயிச்சோம்."

"யாரு கோல் அடிச்சு?"

"...கார்னெட்."

"அப்போ அவன் வெளுத்து வாங்கின வருஷம் அஞ்சாவது ஆட்டமே கிடையாது. அவனுக்கு ஓடாத வருஷத்துலதான் அஞ்சாவது ஆட்டம் வருது. அதுல மட்டும் எண்ணிப் பாத்துட்டு, அவன் அடிக்கலேன்னு ஒரு கண்டுபிடிப்பு. பதினோரு வருஷம் உக்காந்து எண்ணினீங்களே!"

கார்னெட்டுக்கு இது புரிய ஐந்து பெரோகி ஆயிற்று. புரிந்ததும், "அப்போ நான் அடிப்பேனாக்கா?" என்றான்.

"அதை யாருடா கண்டா? முதல்ல பூட்ஸைக் கழட்டு."

எனக்கு அவமானமாக இருந்தது. கணக்குத் தப்பியதால் மட்டுமல்ல. காலிக் கட்டங்களுக்குக் கோடு போட்டவன் நான்தான், அளவுகோல் வைத்து.

6.

முடிவு அ: 'ஆமா' என்று எழுதுகிறேன். உட்கார வைக்கிறார்கள். நோரீன் ஈஸ்டர்வரை என்னோடு பேசுவதில்லை.

முடிவு ஆ: 'இல்லே.' கார்னெட் மூன்று கோல் அடிக்கிறான். இதை நான் எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

உண்மையில், சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஆர்வில் கையில் இதைக் கொடுத்தேன்: 'பொருள்: என் தவறு. அட்டவணையைக் கிழித்துவிடவும். அவன் கோல் அடிப்பானா என்பது எனக்குத் தெரியாது. ஆட விடுங்கள்.'

ஆர்வில் தாளைத் திருப்பிப் பார்த்தார். "அட்டவணை எங்கே?"

"இதுக்கு இல்ல."

"அட்டவணை இல்லாம நீ சொல்றதை எப்படி நம்பறது?"

மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

7.

அதே சனிக்கிழமை, மதியம் ஒன்றே முக்கால்; ஏழாவது ஆட்டம் தொடங்கப் போகிறது. கணக்கு மேசையில் இருக்கிறேன். ஆடுபவர்களின் பட்டியல் இப்போதுதான் வந்தது, இரண்டாக மடித்து. நான் பிரிக்கவில்லை, நீங்கள் பிரியுங்கள்.

அவன் பெயர் இல்லையென்றால் பழையபடி மடித்து என்னிடம் கொடுங்கள், கணக்கை எழுதுகிறேன். இருந்தால், இந்தப் பென்சிலையும் வாங்கிக் கணக்கை நீங்களே எழுதுங்கள். இந்த மேசையில் உட்கார்ந்தவர் எந்தப் பக்கத்துக்கும் கத்தக் கூடாது என்பது விதி. பதினோரு ஆண்டு கத்தாமல் இருந்துவிட்டேன். இன்றைக்கு முடியாது.