லீவு நாளில் போன பயணம்

வரதராஜா பிரான்சின் பரிஸ் நகருக்குப் போனது மனைவி யோகாவின் தங்கை மகளின் கலியாணத்துக்கு. ஆனால் மெல்பேர்னில், தான் இருக்கும் ஸ்பிரிங்வேலில் டிக்கெட் எடுத்த அன்றே, தம்பி அருந்தவனையும் போய்ப் பார்ப்பதென்று மனதுக்குள் முடிவெடுத்திருந்தார்.

பதினொரு வருடங்களாக இருவருக்கும் பேச்சில்லை. யாழ்ப்பாணத்தில் தாய் இறந்தபோது கொள்ளி வைக்க வேண்டியவன் இளைய மகன் அருந்தவன். அவன் பிரான்சிலிருந்து வரவில்லை. மெல்பேர்னிலிருந்து போன வரதராஜாவே கொள்ளி வைத்தார். அன்றிரவு அருந்தவனிடம் போனில், "அம்மா செத்ததுக்கும் வராதவன் எனக்குத் தம்பியில்லை" என்றார். போனை வைத்துவிட்டார்.

அருந்தவனுக்கு அப்போது விசா இருக்கவில்லை, வெளியேறினால் திரும்பி வரமுடியாது என்பது இரண்டு வருடம் கழித்தே அவருக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவர் தம்பிக்குப் போன் பண்ணவில்லை. வெட்கமாக இருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று ஒன்பது வருடம் போய்விட்டது.

அருந்தவன் பரிஸிலிருந்து மூன்று மணிநேர ரயில் தூரத்தில், ஒரு கிராமத்து ரெஸ்டோரன்டில் சமையல்காரன் என்று கலியாண வீட்டில் சொன்னார்கள். யூலை பதினான்கு பிரான்சின் தேசிய நாள், எல்லோருக்கும் லீவு, தம்பி வீட்டில் இருப்பான் என்று வரதராஜா கணக்குப் போட்டார். அடுத்த நாள் அவருக்கு மெல்பேர்ன் விமானம். முதலில் போன் பண்ணவில்லை. வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

ரயில் நின்ற சிறிய ஊரில் பஸ் இல்லை. நாயுடன் வந்த ஒரு பெண், லீவு நாளில் பஸ் ஓடாது என்று கையால் காட்டிப் புரியவைத்தாள். டாக்ஸிக்காரன் போனை எடுக்கவில்லை. காலில் கலியாணத்துக்குப் போட்ட சப்பாத்தோடு ஏழு கிலோமீற்றர் நடந்தார். இரண்டு பக்கமும் சூரியகாந்தி வயல், உச்சி வெயில்.

கிராமத்தில் கடைகள் பூட்டிக் கிடந்தன. தேவாலயத்துக்கு முன்னால் மட்டும் கொடிகளும் நீள மேசைகளும். ஊர் முழுவதும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ரெஸ்டோரன்டின் பின்கதவால் எட்டிப் பார்த்தார். தலை நரைத்த ஒருவன் அடுப்படியில் நின்றான்.

"அண்ணையோ?"

"ஓம், நான்தான்."

"இண்டைக்கோ வந்தனீங்கள்? வருஷத்தில எங்களுக்கு வேலை கூடின நாள் இண்டைக்குத்தான். நூற்றியிருபது பேருக்குச் சாப்பாடு." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஒரு மரநிழலில் இருத்திவிட்டு ஓடினான்.

அதன்பிறகு சாப்பாடுதான் வந்தது. மீன் வந்தது, கோழி வந்தது, கடைசியில் வேறு யாருடைய தட்டிலும் இல்லாத ஒரு கிண்ணம் பருப்புக்கறி வந்தது. அருந்தவன் வரவில்லை. இரண்டு தடவை எழுந்து அடுப்படிக் குசினிப் பக்கம் போனார். "இருங்கோ அண்ணை, முடிச்சிட்டு வாறன்" என்றான்.

முடிந்தபோது மாலை ஐந்தரை. ஆறு மணிக்குக் கடைசி ரயில். ரெஸ்டோரன்ட் முதலாளி காரை எடுக்க, அருந்தவன் ஏப்ரனோடு முன்சீற்றில் ஏறினான். முதலாளிக்குத் தமிழ் தெரியாது. எதையும் சொல்லியிருக்கலாம். வரதராஜா வீட்டுக்குப் பக்கத்து டண்டினொங்கில் தான் வேலை செய்யும் வெயார்ஹவுசைப் பற்றியும், மெல்பேர்ன் குளிரைப் பற்றியும் கதைத்தார். பத்து நிமிடத்தில் ஸ்டேஷன் வந்துவிட்டது.

பிளாட்ஃபோமில் அருந்தவன் கேட்டான்: "அண்ணை, அம்மாவின்ர கடைசி நாள் படங்கள் ஏதும் வைச்சிருக்கிறியளோ? என்னட்ட ஒண்டும் இல்லை."

 "அனுப்பிறன்" என்றார் வரதராஜா. வெளியே முதலாளி ஹோர்ன் அடித்தார். இரவுச் சாப்பாட்டு வேலை கிடந்தது. அருந்தவன் அண்ணனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் இருந்த படங்கள் எல்லாவற்றையும் அனுப்பினார். நடந்ததைக் கேட்ட யோகா, "அவ்வளவு தூரம் போய் மன்னிப்புக் கேக்காமலோ வந்தனீங்கள்?" என்றாள். 

ஒரு கிழமை கழித்து வொய்ஸ் மெசேஜில் சொன்னார்: "தம்பி, அப்ப நான் சொன்னது பிழை. உனக்கு விசா இல்லையெண்டு தெரிஞ்ச பிறகும் கதைக்காமல் இருந்தது அதைவிடப் பிழை."

இரண்டு நாளில் பதில் வந்தது. "அதை விடுங்கோ அண்ணை. படங்கள் பாத்தனான். அடுத்தமுறை வாறதெண்டால் லீவு நாளில வராதேங்கோ. இருந்து கதைக்கலாம்."

வெயார்ஹவுசின் சாப்பாட்டு அறையில் இருந்து அதை மூன்று தடவை கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஆனால் பிழை என்று தான் சொன்னதைக் கேட்டபோது தம்பியின் முகம் எப்படி மாறியது என்பது அவருக்கு இனித் தெரியப்போவதில்லை.